பிளஸ் ஒன்னில் உளவியல்: குரூப் எடுப்பதிலிருந்து தேர்வறை வரை

பத்தாம் வகுப்பு முடிந்து குரூப் எடுக்கும் நேரத்தில் உளவியலைப் பற்றி இரண்டு பேச்சு அடிபடும். ‘எதிரில் இருக்கிறவங்க மனசைப் படிக்கக் கத்துக்கலாம்’ என்பது ஒன்று. ‘மேத்ஸ் பயமா இருந்தா இதை எடு, கதை எழுதினாலே மார்க் வரும்’ என்பது இன்னொன்று. இதை நம்பி வந்த பிள்ளைகள் முதல் யூனிட் டெஸ்ட் தாள் கைக்கு வந்ததும் முழிப்பார்கள். ஒரு பக்கம் நிறைய எழுதியிருப்பார்கள். நான்குக்கு ஒன்றரை விழுந்திருக்கும். எழுதியதில் பெரிய தப்பு எதுவும் இருக்காது. ஆனால் எல்லாம் அவர்களுக்குத் தோன்றியதாக இருக்கும், பாடம் சொன்னதாக இருக்காது. இந்தப் பாடத்தில் மார்க் விழுவதும் போவதும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிவதில்தான்.

தமிழ்நாட்டில் பள்ளி அளவில் உளவியல் படிப்பவர்கள் பெரும்பாலும் சிபிஎஸ்இ மாணவர்கள் என்பதால் அதை வைத்தே எழுதுகிறேன்.

எடுப்பதற்கு முன்

சிபிஎஸ்இயில் உளவியலின் பாட எண் 037. எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 30. ஐஎஸ்சி பாடத்திட்டத்திலும் உளவியல் உண்டு. பள்ளிக்குப் போகாமல் திறந்தநிலைப் பள்ளியான என்ஐஓஎஸ் வழியாகப் படிப்பவர்களுக்கு அங்கே பாட எண் 328. மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் வழக்கமாகக் கிடைக்கும் குரூப்புகளில் இந்தப் பாடம் இருப்பதில்லை. அதற்காக வருத்தப்படத் தேவையில்லை. இளநிலை உளவியலில் சேர, பள்ளியில் உளவியல் படித்திருக்க வேண்டும் என்று பல கல்லூரிகள் கேட்பதே இல்லை. எந்த குரூப்பிலிருந்து போனாலும் சேரலாம்.

குரூப் எடுக்கும்போது இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ‘சைக்காலஜிஸ்ட்’, ‘சைக்கியாட்ரிஸ்ட்’ இரண்டையும் வீட்டில் ஒன்றாகவே பேசுவார்கள். மனநல மருத்துவர் ஆக வேண்டுமென்றால் எம்பிபிஎஸ் முடித்துவிட்டு அதன் மேல் மனநல மருத்துவத்தில் முதுநிலை படிக்க வேண்டும். அப்படியானால் நீட் எழுதியாக வேண்டும். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் கட்டாயம். அந்த ஆசை உள்ளவர்கள் ஆங்கிலம், அந்த மூன்று ஆகியவற்றோடு உளவியலை ஐந்தாவது பாடமாக எடுக்க முடியுமா என்று பள்ளியில் கேளுங்கள். சில பள்ளிகள் தருகின்றன. சில இடங்களில் உளவியலை வணிகவியல், கலைப் பிரிவுகளோடு மட்டும் வைத்திருக்கிறார்கள். மருந்து எழுதித் தராத உளவியலாளர் வழி வேறு: இளநிலை, முதுநிலை, அதன் பிறகு சிகிச்சை உளவியலுக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் பெற்ற படிப்பும் பதிவும். முதுநிலைப் பட்டம் வாங்கியதும் வாசலில் போர்டு மாட்டிவிடலாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

பள்ளியில் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. உளவியலில் முதுநிலை முடித்த ஆசிரியர் இருக்கிறாரா? செய்முறைக்கான சோதனைத் தொகுப்புகளை, கையேட்டோடு, பள்ளி வாங்கி வைத்திருக்கிறதா? இரண்டாவது கேள்விக்கு ‘அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்’ என்று பதில் வந்தால் கொஞ்சம் யோசியுங்கள். கையேடு இல்லாமல் சோதனை நடத்துவதும் தராசு இல்லாமல் தங்கம் விற்பதும் ஒன்று.

புத்தகம்

என்சிஇஆர்டி புத்தகம் போதும். முதல் ஆண்டில் வேறு கைடு வாங்குவது பணத்துக்குக் கேடு. ஆனால் சீனியரிடம் பழைய புத்தகம் வாங்குபவர்கள் பாடங்களை எண்ணிப் பாருங்கள். பாடச்சுமையைக் குறைத்தபோது இரண்டு புத்தகங்களும் மெலிந்துவிட்டன. முன்பு இரண்டு வகுப்புகளிலும் ஒன்பது ஒன்பது பாடங்கள் இருந்தன. இப்போது பதினொன்றில் எட்டு, பன்னிரண்டில் ஏழு. பதினொன்றில் மூளை, நரம்பு, ஹார்மோன் பற்றிய பாடம் போய்விட்டது. தேர்வுக்கு வராவிட்டாலும் அந்தப் பழைய பாடத்தை ஒருமுறை வாசித்து வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் முதல் செமஸ்டரிலேயே அது திரும்ப வரும்.

புத்தகம் ஆங்கிலத்தில்தான். தமிழ்வழியில் பத்து வரை படித்துவிட்டு வருபவர்களுக்கு முதல் இரண்டு மாதம் மூச்சு முட்டும். ஆனால் இங்கே வாக்கிய அலங்காரத்துக்கு மார்க் கிடையாது. சரியான கலைச்சொல், ஒரு வரி விளக்கம், ஒரு உதாரணம். இந்த மூன்றையும் எளிய ஆங்கிலத்தில் எழுதப் பழகினால் ஆங்கிலவழிப் பிள்ளைகளுக்குச் சமமாக நிற்கலாம். தனியாக ஒரு நீள நோட்டுப் போடுங்கள். இடது பக்கம் கலைச்சொல்லும் அதன் விளக்கமும், வலது பக்கம் உங்கள் வீட்டில், தெருவில், பேருந்தில் பார்த்த உதாரணம். வலது பக்கத்தைப் புத்தகத்திலிருந்து எடுக்கக் கூடாது. அது ஒன்றுதான் விதி.

பதினொன்று: அவசரமில்லாமல் பிடிக்க வேண்டிய இரண்டு பாடங்கள்

முதல் பாடம் வரலாறு. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 1879இல் வில்ஹெல்ம் வுண்ட் ஆய்வகம் தொடங்கியது, கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1916இல் இந்தியாவின் முதல் உளவியல் துறை வந்தது என்று ஆண்டுகளோடு ஓடும். படித்துவிட்டு நகருங்கள்.

இரண்டாவது பாடத்தில், அதாவது ஆய்வு முறைகளில், வண்டியை நிறுத்துங்கள். பலரும் ‘போர்’ என்று தாண்டிவிடுவது இதைத்தான். பின்னால் வரும் எல்லாப் பாடங்களும் நிற்பதும் இதன் மேல்தான். பாட்டுக் கேட்டுக்கொண்டே படித்தால் மண்டையில் ஏறுமா என்ற சண்டை எல்லா வீட்டிலும் உண்டு. அதையே எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டு ஓடுகிறதா இல்லையா என்பதை நாம் மாற்றுகிறோம். அது சாரா மாறி. நினைவில் நின்ற சொற்களின் எண்ணிக்கையை அளக்கிறோம். அது சார்ந்த மாறி. இப்போது பாட்டோடு படிக்க ஒரு பிள்ளைக்குக் காலையில் லேசான சொற்பட்டியலும், பாட்டில்லாமல் படிக்க இன்னொரு பிள்ளைக்கு இரவு பத்து மணிக்குக் கடினமான பட்டியலும் கொடுத்தால் என்ன ஆகும்? வித்தியாசம் வந்தால் அது பாட்டாலா, தூக்கத்தாலா, பட்டியலாலா, பிள்ளையின் திறமையாலா என்று யாராலும் சொல்ல முடியாது. இது புரிந்துவிட்டால் ‘இதனால்தான் அது’ என்று யாராவது அடித்துப் பேசும்போது, ‘மற்றதெல்லாம் ஒரே மாதிரி இருந்ததா?’ என்று கேட்கும் பழக்கம் தானாக வரும்.

அடுத்து நிதானமாகப் பிடிக்க வேண்டியது கற்றல் பாடம். மணிச் சத்தத்துக்கே எச்சில் ஊறப் பழகிய பாவ்லோவின் நாயும், நெம்புகோலை அழுத்தினால் எலிக்கு உணவு விழும் ஸ்கின்னரின் பெட்டியும் பலருக்கும் ஏற்கனவே கேள்விப்பட்டவைதான். விழுகிற இடம் நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட். பெயரைக் கேட்டதும் தண்டனை என்று எழுதிவிடுவார்கள். வருடா வருடம் இதே கதைதான். தலைவலிக்கு மாத்திரை போடுகிறீர்கள், வலி போகிறது, அடுத்த முறை வலித்தால் உடனே மாத்திரையைத் தேடுகிறீர்கள். வேண்டாத ஒன்று விலகியது; செயல் கூடியது. இதுதான் நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட். மார்க் குறைந்ததற்கு அம்மா போனைப் பிடுங்கி வைப்பது தண்டனை. ஏதோ ஒன்று செய்வதைக் குறைக்கத்தான் அது. கேள்வியைப் பார்த்ததும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: கடைசியில் அந்தச் செயல் கூடியதா, குறைந்ததா? கூடினால் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட், குறைந்தால் தண்டனை. நல்லது, கெட்டது என்ற நம் தீர்ப்புக்கு அங்கே வேலையில்லை.

நினைவாற்றல் பாடத்தை உங்கள் மேலேயே போட்டுப் பாருங்கள்

ஹெர்மன் எபிங்ஹவுஸ் அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே சோதித்துக்கொண்டவர். 1885இல் அதை வெளியிட்டார். படித்து முடித்த முதல் ஒரு மணி நேரத்துக்குள்தான் மறதி வேகமாக நடக்கிறது, பிறகு மெதுவாகிவிடுகிறது. இதைப் படித்துவிட்டும் தேர்வுக்கு முந்தைய இரவு ஒரே மூச்சில் ஏழு பாடத்தைப் புரட்டுகிற உளவியல் மாணவர்களை என்ன சொல்வது!

செய்ய வேண்டியது எளிது. பாடத்தைப் படித்ததும் புத்தகத்தை மூடி, ஒரு வெள்ளைத் தாளில் நினைவில் இருப்பதை எல்லாம் எழுதுங்கள். பிறகு திறந்து, விட்டதை மட்டும் சிவப்பு மையில் சேருங்கள். மறுநாள் ஒருமுறை, வாரக் கடைசியில் ஒருமுறை, மாதக் கடைசியில் ஒருமுறை. அடிக்கோடு போட்டுத் திரும்பத் திரும்ப வாசித்தால் ‘தெரியும்’ என்ற நினைப்புதான் வரும், விடை வராது.

முதல் பரிசோதனையையும் இந்தப் பாடத்திலிருந்தே வீட்டில் செய்து பார்க்கலாம். பதினைந்து சாதாரணச் சொற்கள்: கதவு, மிளகாய், சைக்கிள் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. தம்பியையோ அத்தையையோ உட்கார வைத்து, இரண்டு வினாடிக்கு ஒரு சொல்லாக ஒரே குரலில் வாசியுங்கள். முடிந்ததும் எந்த வரிசையிலாவது எழுதச் சொல்லுங்கள். முதலில் வந்த சொற்களும் கடைசியில் வந்தவையும் எழுதிவிடுவார்கள். நடுவில் இருந்தவை காணாமல் போயிருக்கும். அடுத்து வேறொரு பட்டியலை வாசித்துவிட்டு, எழுதவிடாமல், நூறிலிருந்து மூன்று மூன்றாகக் கழித்து முப்பது வினாடி சொல்லச் சொல்லுங்கள். இப்போது எழுதினால் கடைசிச் சொற்களும் பெரும்பாலும் போய்விடும்; முதல் சொற்கள் ஓரளவு நிற்கும். குறுகிய கால நினைவும் நீண்ட கால நினைவும் வேறு வேறு என்று பாடம் சொல்வது சாப்பாட்டு மேசையிலேயே தெரிந்துவிடும்.

செய்முறை: முப்பது மார்க்

பதினொன்றில் பரிசோதனைகளும் ஒரு புராஜெக்ட்டும். பன்னிரண்டில் உளவியல் சோதனைகளும் ஒருவரைப் பற்றிய கேஸ் புரொஃபைலும். பன்னிரண்டின் 30 மார்க்கில் ரெக்கார்டுக்கும் கேஸ் புரொஃபைலுக்கும் சேர்த்து 10, வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு 5, தேர்வன்று இரண்டு சோதனைகளுக்கு 15. அந்தப் பதினைந்தில் நடத்துவதற்கு 5, எழுதுவதற்கு 10.

நுண்ணறிவை அளக்கும் ரேவனின் படிநிலை அணிச் சோதனை பல பள்ளிகளில் இருக்கும். 60 படக் கேள்விகள், ஐந்து தொகுதிகள், தொகுதிக்குப் பன்னிரண்டு. மொழி தேவையில்லை, விடுபட்ட துண்டைக் கண்டுபிடிக்க வேண்டும். சின்ஹாவும் சிங்கும் உருவாக்கிய பள்ளி மாணவர் பொருந்துநிலை வினாத்தாள் (சூழலோடு எவ்வளவு ஒத்துப்போகிறார் என்று பார்ப்பது), சின்ஹாவின் பதற்றச் சோதனை, சரஸ்வத்தின் தன்கருத்து வினாத்தாள் (தன்னைப் பற்றித் தானே என்ன நினைக்கிறார் என்று பார்ப்பது) ஆகியவையும் அடிக்கடி வரும். எதுவானாலும் நடத்தும் விதம் ஒன்றுதான். அதைக் கிட்டத்தில் பார்ப்போம்.

மேசை சுத்தமாக இருக்க வேண்டும். மேலே வினாத்தாள், விடைத்தாள், பென்சில், தேவைப்பட்டால் ஸ்டாப்வாட்ச். வருகிறவர் பெரும்பாலும் பக்கத்து வகுப்புப் பிள்ளை, கொஞ்சம் கூச்சத்தோடு வருவார். உட்கார்ந்ததும் வேலையை ஆரம்பிக்காதீர்கள். சாப்பிட்டாச்சா, எந்த செக்‌ஷன் என்று இரண்டு வார்த்தை பேசுங்கள். இதற்கும் உங்கள் பரீட்சை மார்க்குக்கும் சம்பந்தமில்லை, பதில்கள் வெளியே போகாது, வேண்டாம் என்றால் இடையில் எழுந்துவிடலாம் என்று சொல்லுங்கள். பிறகு கையேட்டில் இருக்கும் அறிவுறுத்தலை அப்படியே வாசியுங்கள். உங்கள் சொந்தச் சொல்லில் விளக்கினால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு சோதனை ஆகிவிடும். ‘இந்தக் கேள்விக்கு என்ன போடட்டும்க்கா?’ என்று கேட்டால், ‘உனக்கு எது சரின்னு படுதோ அதைப் போடும்மா’ என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லக் கூடாது. தலையாட்டலும் கூடாது. அவர் எழுதும்போது நீங்கள் பார்த்துக் குறிப்பெடுங்கள்: எங்கே தயங்கினார், எதை அழித்து எழுதினார், ஜன்னலைப் பார்த்தாரா. முடிந்ததும் எப்படி இருந்தது என்று அவர் சொல்வதை அவருடைய வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ரெக்கார்டில் அதற்குத் தனி இடம் உண்டு. இதைத்தான் பலர் வீட்டில் உட்கார்ந்து கற்பனையாக நிரப்புகிறார்கள். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் இதே வேலையை வருஷக்கணக்காகப் பார்ப்பவர். இருபது ரெக்கார்டில் ஒரே வாக்கியம் இருந்தால் அவருக்குத் தெரியாதா?

மார்க் போட்ட பிறகு ஒரு நிமிடம் நில்லுங்கள். எண் கூடினால் நல்லதா, கெட்டதா? ரேவனில் கூடினால் நல்லது. பதற்றச் சோதனையில் கூடினால் பதற்றம் அதிகம். பொருந்துநிலை வினாத்தாளிலும் எண் கூடுவது சிக்கலைத்தான் காட்டும். கையேட்டின் அட்டவணையைப் பார்க்காமல் ‘மிக நன்று’ என்று எழுதி மாட்டிக்கொள்வது ஒவ்வொரு பேட்சிலும் நடக்கிறது.

முடிவு எழுதும்போது ஒருவரை ஒரே எண்ணால் முத்திரை குத்தாதீர்கள். ‘இந்தச் சோதனையில், இன்று, இவருடைய மதிப்பெண் சராசரிக்குச் சற்றுக் கீழே உள்ளது’ என்ற அளவோடு நிற்க வேண்டும். வைவாவில் ‘முடிவை அந்தப் பிள்ளையிடம் சொன்னாயா?’ என்று கேட்டால், சொல்லவில்லை, விளக்கிச் சொல்லும் தகுதி எனக்கு இன்னும் இல்லை என்பதே நேர்மையான பதில்.

கேஸ் புரொஃபைலுக்கு ஆள் தேடும்போது சோகக் கதையைத் தேடி அலையாதீர்கள். காது கேளாமல் தையல் கடை நடத்தும் அக்கா, படிப்பை விட்டுவிட்டுச் சிலம்பத்தில் மாநில அளவுக்குப் போன பையன், ஓய்வுக்குப் பிறகு தனியாக இருக்கும் தாத்தா என்று யாராகவும் இருக்கலாம். ‘கஷ்டமா இருக்கா?’ என்று கேட்டால் ‘ஆமா’, ‘இல்ல’ என்பதோடு பேச்சு முடியும். ‘காலையில எழுந்ததுல இருந்து உங்க ஒரு நாளைச் சொல்லுங்களேன், தாத்தா’ என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுவார். அதில் உங்களுக்கு வேண்டியது எல்லாம் இருக்கும். பேரை எழுதாதீர்கள், முதலெழுத்துப் போதும். ஊர், கடைப் பெயர் போன்றவற்றையும் மாற்றிவிடுங்கள்.

பன்னிரண்டு: எதற்கு எவ்வளவு நேரம்

தனியாள் வேறுபாடுகள், தன்னுணர்வும் ஆளுமையும் என்ற முதல் இரண்டு பாடங்களுக்கும் தலா 13 மார்க். உளக்கோளாறுகளுக்கு 12. வாழ்க்கைச் சவால்களுக்கும் சிகிச்சை முறைகளுக்கும் ஒன்பது ஒன்பது, மனப்பான்மைக்கு 8, குழுச் செயல்பாட்டுக்கு 6. முதல் இரண்டில்தான் கோட்பாடுகள் குவிந்திருக்கின்றன: நுண்ணறிவு பற்றி ஸ்பியர்மன், தர்ஸ்டன், கார்ட்னர், ஸ்டெர்ன்பெர்க், ஜே.பி. தாஸ், பிறகு ஆளுமை பற்றி ஃபிராய்டு, கேட்டெல், ஐசங்க். ஒவ்வொருவருக்கும் நான்கு வரி எழுதி வையுங்கள்: என்ன சொன்னார், முக்கியச் சொற்கள், ஒரு உதாரணம், எங்கே போதவில்லை. கடைசி வரியை யாரும் எழுதுவதில்லை. ஆறு மார்க் கேள்வியில் முந்துவது அந்த வரியால்தான்.

உளக்கோளாறுகள் பாடம் எல்லாருக்கும் பிடிக்கும். அதிலேயே ஒரு வம்பும் இருக்கிறது. படிக்கப் படிக்க ஒவ்வொரு அறிகுறியும் தனக்கே இருப்பதுபோலத் தோன்றும். அது தீர்ந்ததும் பக்கத்து பெஞ்சுக்காரருக்கு இருப்பதுபோலத் தோன்றும். கோளாறு என்று சொல்ல எத்தனை நாள் நீடித்தது, அன்றாட வேலை எவ்வளவு கெட்டது, அவருக்கு எவ்வளவு வேதனை என்பதெல்லாம் பார்க்கப்படும். வழக்கத்திலிருந்து விலகல், வேதனை, செயல் குலைவு, ஆபத்து என்ற நான்கு அளவுகோல்கள் பாடத்தின் தொடக்கத்திலேயே வருவது அதற்காகத்தான். ‘எனக்கு ஓசிடி, பேனாவை நேரா வெச்சாதான் மனசு கேக்கும்’ என்று ஒரு கோளாறின் பெயரை விளையாட்டாகச் சொல்வதை இந்தப் பாடம் படித்தவராவது நிறுத்திக்கொள்ளலாம். அதே சமயம், படிக்கும்போது உண்மையிலேயே மனசு கனத்துப்போனால், தூக்கமோ சாப்பாடோ கெட்டுக்கிடந்தால், புத்தகத்தை வைத்து நீங்களே தீர்ப்பு எழுத வேண்டாம். வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், அல்லது அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416ஐக் கூப்பிடுங்கள். கட்டணம் இல்லை, எந்த நேரமும் பேசலாம்.

விடை எழுதும் விதம்

இரண்டு மார்க்குக்கு 30 சொல், மூன்றுக்கு 60, நான்குக்கு 120, ஆறுக்கு 200 என்ற அளவில் எழுதிப் பழகுங்கள். இரண்டு மார்க்குக்கு ஒரு பக்கம் எழுதுவது தாராளம் அல்ல, நேர விரயம்.

ஒரு சம்பவத்தைக் கொடுத்துக் கேட்கும் கேள்விகளில்தான் ‘எனக்குத் தோன்றியது’ மறுபடி தலையெடுக்கும். உதாரணத்துக்கு: ஒரு பெண் இரவில் பலமுறை எழுந்து கேஸ் சிலிண்டரை மூடியாச்சா என்று பார்க்கிறாள். மூடியிருப்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் பார்க்காவிட்டால் வீடே எரிந்துவிடும் என்ற எண்ணம் விடுவதில்லை. தூக்கம் கெட்டு தினமும் பள்ளிக்குத் தாமதம். ‘அவள் ரொம்ப பயந்த சுபாவம், பெற்றோர் அன்பு காட்ட வேண்டும்’ என்று எழுதினால் ஒன்றும் விழாது. எண்ணச் சுழற்சி – கட்டாயச் செயல் கோளாறு, அதாவது ஓசிடி, என்று முதல் வரியிலேயே பெயரைச் சொல்லுங்கள். அடுத்து, வீடு எரியும் என்று விடாமல் வருவது எண்ணம், திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது செயல் என்று பத்தியின் வரிகளையே எடுத்துப் பொருத்துங்கள். தூக்கமும் பள்ளியும் கெடுவதைச் செயல் குலைவுக்குக் காட்டுங்கள். சிகிச்சையைக் கேட்டிருந்தால் மட்டும் சிகிச்சை. கேட்காததை எழுதினால் தேர்வாளருக்குக் கண் வலிக்கும், அவ்வளவுதான்.

பொதுத்தேர்வில் எழுதத் தொடங்கும் முன் கேள்வித்தாளை வாசிக்க 15 நிமிடம் தருவார்கள். அதில் முதலில் கடைசிப் பகுதியில் இருக்கும் பத்திகளுக்குப் போங்கள். பத்திக்குக் கீழே உள்ள கேள்விகளை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு பத்தியை வாசித்தால் எந்த வரி எதற்கு என்று தெரிந்துவிடும். விருப்பத் தேர்வு உள்ள கேள்விகளில் எதை எழுதப்போகிறீர்கள் என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். ஆறு மார்க் கேள்வியை நடுவில் விட்டுவிட்டு ‘அல்லது’க்குத் தாவினால் மீதி நேரம் எதற்கும் போதாது.